கோக்கோ தீவில் இல்லாத ராடார்

2005ஆம் ஆண்டில் இந்தியக் கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்த அட்மிரல் அருண் பிரகாஷ், மியான்மரின் கோக்கோ தீவில் சீனாவுக்கு ஒட்டுக்கேட்பு நிலையமோ ராடாரோ கிடையாது என்று பகிரங்கமாகச் சொன்னார். உறுதியான தகவலின் பேரில்தான் சொல்வதாகவும் சொன்னார். இதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. முப்படைகளையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்து 2001இல் போர்ட் பிளேயரில் அந்தமான் நிகோபார் கட்டளையகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைமைத் தளபதி அவர்தான். கோக்கோவுக்குப் பக்கத்திலேயே இருந்து அந்தக் கடலைக் கவனித்தவர்.

அப்படியானால் அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நாம் எதைக் கண்டு பயந்துகொண்டிருந்தோம்?

கோக்கோ பெருந்தீவு சுமார் பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு நிலம். அந்தமானின் வடகோடியில் உள்ள லேண்ட்ஃபால் தீவிலிருந்து 55 கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். சீனா அங்கே மின்னணு உளவு நிலையம் அமைக்கிறது என்ற செய்தி 1990களின் தொடக்கத்தில் கிளம்பியது. வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்ததை டெல்லிப் பத்திரிகை எடுத்துப் போட்டது. டெல்லிப் பத்திரிகையை ஆய்வுக் கட்டுரை மேற்கோள் காட்டியது. கட்டுரையில் இருந்தது அரசியல்வாதியின் பேச்சில் வந்தது. அந்தப் பேச்சையே ஆதாரமாக வைத்து அடுத்த செய்தி எழுதப்பட்டது. 1998 மே மாதம், பொக்ரான் அணுச் சோதனைக்குச் சில நாட்கள் முன்பு, பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் சீனாவை இந்தியாவின் முதல் அச்சுறுத்தல் என்று பேசிய நேரத்தில் கோக்கோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. பர்மா விவகாரங்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஆஸ்திரேலிய அறிஞர் ஆண்ட்ரூ செல்த், இந்தச் செய்திகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தேடிப்போய், எங்கேயும் திடமான சான்று இல்லை என்று எழுதினார். நிலையம் இருப்பதாகப் பலரும் சொன்னார்கள். பார்த்தவர்தான் யாரும் இல்லை.

திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பொறி தட்டும். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். மூன்று பேர் சொல்வது ஒத்துவந்தால் நம்பலாம், ஆனால் அந்த மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக இருக்கவேண்டும் என்று நிபந்தனையும் போடுகிறார். கோக்கோ விஷயத்தில் மூன்று அல்ல, முப்பது பேர் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துவிட்டுச் சொன்னார்கள் என்பதுதான் சிக்கல். உளவு நிறுவனங்களின் மிகப் பழைய நோய் இது.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. இந்தியாவில் கடற்படைக்குக் கூடுதல் பணம் கேட்டவர்களுக்கு ஒரு வலுவான வாதம் கிடைத்தது. உலகம் ஒதுக்கிவைத்திருந்த பர்மிய ராணுவ ஆட்சிக்கு, டெல்லி தன்னைச் சமாதானப்படுத்த ஓடிவர ஒரு காரணம் கிடைத்தது. சீனாவோ ஒரு செங்கல்கூட வைக்காமல் ஒரு தளத்தின் பயனை அனுபவித்தது. இந்தச் செய்தியைப் பெய்ஜிங் திட்டமிட்டுக் கசியவிட்டது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. நம்முடைய பயத்தை நாமே தயாரித்து, நாமே விநியோகமும் செய்துகொண்டோம்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். கார்கில் போருக்குப் பிறகு நடந்த பாதுகாப்புச் சீரமைப்பில் உருவானதுதான் அந்தமான் கட்டளையகம். வங்கக் கடலின் கிழக்குக் கோடி காவலின்றிக் கிடக்கிறது என்ற உணர்வை டெல்லியில் உண்டாக்கியதில் கோக்கோ பயத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல்கள் பெரிய நிகோபாருக்குத் தெற்கே ஆறு டிகிரிக் கால்வாய் வழியாகத்தான் போகின்றன. அந்த வாசலில் காவல் போட்டது சரியான முடிவு. தவறான காரணம் சரியான முடிவுக்குக் கொண்டுபோய் விடுவதும் உண்டு. அதை ஒரு முறையாக வைத்துக்கொள்ள முடியாது.

கோக்கோ பயம் மாதிரி ஒன்றைத் திட்டமிட்டு உண்டாக்குவதற்குப் போர்க்கலைப் பாடங்களில் இப்போது அறிதல் போர் என்று பெயர். எதிரி எதைப் பார்க்கிறான், பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்கிறான், புரிந்துகொண்டு என்ன முடிவெடுக்கிறான் என்பதில் கைவைக்கும் வேலை. சீன மத்திய ராணுவ ஆணையம் 2003இல் பொதுக்கருத்துப் போர், உளவியல் போர், சட்டப் போர் என்ற மூன்றையும் தன் படையின் அதிகாரபூர்வமான பணிகளாக ஆக்கியது. நிலம், கடல், வான், விண்வெளி, இணையம் என்ற வரிசையில் மனித மனத்தையும் தனிக் களமாகச் சேர்க்கலாமா என்று நேட்டோ வட்டாரங்களில் விவாதம் நடந்தது. பெயர்தான் புதிது. இந்தத் தீவுகளில் இதே வேலை 1942 முதல் 1945 வரை எல்லாத் தரப்பாலும் நடத்தி முடிக்கப்பட்டிருக்கிறது. இதன் பலனையும் பழுதையும் எடைபோட அதைவிட நல்ல இடம் இல்லை.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் போர்ட் பிளேயரில் இறங்கினார்கள். பிரிட்டிஷ் காவல்படை முன்பே விலக்கப்பட்டுவிட்டதால் எதிர்க்க ஆளில்லை. ஆசியா ஆசியருக்கே, வெள்ளைக்காரனிடமிருந்து விடுதலை தர வந்திருக்கிறோம் என்பது அவர்கள் கொண்டுவந்த செய்தி. இந்தச் செய்திக்கு இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான மண் வேறெங்கும் கிடைத்திருக்காது. அரசியல் கைதிகளைச் செக்கிழுக்க வைத்த செல்லுலார் சிறை நிற்கும் ஊர் அது. தண்டனைக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக வாழ்ந்த சமூகம். சிறைக் கதவு திறந்தபோது நம்பாமல் இருப்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. ஜப்பானியப் பரப்புரை பலித்தது அது சாமர்த்தியமானதாக இருந்ததால் அல்ல. பிரிட்டிஷ் ஆட்சியைப் பற்றி அது சொன்னது உண்மையாக இருந்ததால். அறிதல் போரின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது. எதிரி செய்த அநியாயத்தைக் கச்சாப்பொருளாக எடுத்துக்கொண்டால் பொய் சொல்லவேண்டிய அளவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

அந்த நம்பிக்கை நிலைத்ததோ சில நாட்கள்தான். வீடுகளில் புகுந்து சூறையாடிய சிப்பாய்களை நோக்கி ஜுல்ஃபிகர் அலி என்ற இளைஞர் காற்றுத் துப்பாக்கியால் சுட்டார். ஊர் பார்க்க அவரைக் கொன்றார்கள். ஏ.ஜி. பேர்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டுத் தலை வெட்டப்பட்டார். வானொலியும் மேடையும் விடுதலை பேசிக்கொண்டிருந்தன. தெருவில் நடந்தது வேறு.

இதே காலத்தில் பிரிட்டிஷ் தரப்பு என்ன செய்தது என்பதையும் பார்க்கவேண்டும். போருக்கு முன்பு போர்ட் பிளேயரில் காவல்துறைக் கண்காணிப்பாளராக இருந்த டெனிஸ் மெக்கார்த்தி, 1943 ஜனவரியில் ஒரு சிறிய குழுவோடு டச்சு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து அந்தமானில் ரகசியமாக இறங்கினார். காட்டுக்குள் சுற்றி, தகவல் திரட்டிக்கொண்டு, பிடிபடாமல் திரும்பிப் போனார். துணிச்சலான வேலை, உளவு என்ற அளவில் முழு வெற்றி. அதே சமயம் ஜப்பானியரின் சரக்குக் கப்பல்கள் நேச நாட்டு நீர்மூழ்கிகளால் மூழ்கடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. யாரோ தகவல் கொடுக்கிறார்கள் என்று ஜப்பானியர் முடிவு செய்தார்கள். அந்த முடிவில் தவறில்லை, உளவு நடக்கத்தான் செய்தது. ஆனால் காட்டில் இருந்தவரைக் கண்டுபிடிக்க அவர்களால் முடியவில்லை. கைக்கு எட்டியவர்கள் ஊரில் இருந்த இந்தியர்கள்தான்.

டாக்டர் திவான் சிங் பஞ்சாபிக் கவிஞர், அரசு மருத்துவர், 1920களிலிருந்து அந்தமானில் பணியாற்றியவர். ஜப்பானியர் வந்த பிறகு போர்ட் பிளேயரில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைவர் அவர். அதாவது ஜப்பானியரின் விடுதலைச் செய்திக்கு உள்ளூரில் முகமாக இருந்திருக்கவேண்டியவர். 1943 அக்டோபரில் அவரை உளவாளி என்று கைது செய்து செல்லுலார் சிறையில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை வரிசையில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதே சங்கத்தின் உறுப்பினர்கள்.

இந்தத் தேதிகளுக்கு நடுவில் இன்னொரு தேதி வருகிறது. 1943 டிசம்பர் 29 அன்று சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேயருக்கு வந்தார். மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். தீவுகளுக்கு ஷஹீத் என்றும் ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டினார். அந்தமான் நிகோபாரைப் போஸின் ஆசாத் ஹிந்த் அரசிடம் ஒப்படைப்பதாக ஜப்பானியப் பிரதமர் டோஜோ நவம்பரிலேயே டோக்கியோவில் அறிவித்திருந்தார். போஸ் செல்லுலார் சிறையையும் சென்று பார்த்தார். அப்போது திவான் சிங் அந்தச் சிறையின் ஓர் அறையில்தான் கிடந்தார். போஸைச் சுற்றி ஜப்பானியக் காவல் இருந்தது. உள்ளூர் மக்களின் குறை அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதே தீவில் அன்று இருந்தவர்களின் பதிவு.

அந்தக் கொடியேற்றத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கும், சிங்கப்பூரிலும் ரங்கூனிலும் போஸின் படைக்கு ஆள்சேர்த்தவர்களுக்கும், இந்திய மண்ணில் ஓர் இடமாவது விடுதலையாகிவிட்டது என்ற செய்தி எவ்வளவு பெரிய ஊட்டம் என்று சொல்லவேண்டியதில்லை. ஆசாத் ஹிந்த் வானொலி தமிழிலும் பேசியது. தோட்டத் தொழிலாளியாக மட்டுமே தன்னை அறிந்திருந்த ஒருவரைப் படைவீரராக நிமிரவைத்தவை அந்தச் சொற்கள்தான். அவர்களுடைய தியாகம் உண்மையானது. ஒரு பிம்பம் அதைத் தூண்டியது என்பதால் அது பொய்யாகிவிடாது. போஸும் அந்தப் பிம்பத்தைத் தெரிந்தேதான் பயன்படுத்தினார். கையில் ஆட்சி இல்லாதவனுக்குக் கொடியாவது வேண்டும் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கில் நியாயம் உண்டு.

நிர்வாகம் எந்த அளவுக்குக் கைமாறியது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறார். போஸ் தன் தலைமை ஆணையராக அனுப்பியவர் மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆற்காடு துரைசாமி லோகநாதன். 1944 பிப்ரவரியில் போர்ட் பிளேயர் வந்தார். காவல்துறையை ஜப்பானியர் கொடுக்க மறுத்தார்கள். உளவு வழக்குகள் இருக்கும்வரை தரமுடியாது என்றார்கள். கடைசியில் அவர் கைக்கு வந்தது கல்வித் துறை மட்டும். சில மாதங்களில் தீவை விட்டுப் போனார். ஹம்ஃப்ரிகஞ்ச் நடந்து மூன்று வாரம் கழித்து வந்து இறங்கிய ஒரு நேர்மையான மனிதர், பள்ளிக்கூடங்களை மட்டும் பார்த்துக்கொண்டு அந்த ஊரில் எப்படி நடமாடியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். நம்மவர்கள் அவரைப் பற்றி இன்னும் அதிகம் எழுதியிருக்கவேண்டும்.

ஜப்பானியரின் நிலையிலிருந்தே இதைக் கணக்குப் பார்த்தாலும் நஷ்டம்தான். உலகத்துக்கு விடுதலை என்று அறிவித்த இடத்தில், அந்த விடுதலையை நம்பிய அமைப்பின் ஆட்களையே கொன்றார்கள். தங்கள் பரப்புரைக்கு உள்ளூரில் இருந்த ஒரே ஆதாரத்தைத் தாங்களே அழித்தார்கள். ஏன்? ஊரையே நம்பவைக்க வேலைசெய்த படை ஊரில் ஒருவரையும் நம்பவில்லை. ஏமாற்றுவதைத் தொழிலாகச் செய்கிறவனுக்குத் தன்னைச் சுற்றி எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று தோன்ற ஆரம்பிக்கிறது. அறிதல் போரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பழுதை அடிக்குறிப்பில்கூடச் சொல்வதில்லை. 1945 ஆகஸ்டில், போர் முடியும் தறுவாயில், சோறு போடமுடியாத சில நூறு பேரைக் கப்பலேற்றி ஹேவ்லாக் தீவுக்கு அருகே கடலில் தள்ளினார்கள். பிழைத்தவர்கள் மிகச் சிலர். 2018 டிசம்பர் 30 அன்று அதே ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கே போகும் சுற்றுலாப் பயணிகளில் இந்தப் பழைய கதை தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

மெக்கார்த்திக்கு வருவோம். தான் திரட்டிய தகவலுக்கு விலையாக ஊர்க்காரர்கள் சாகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் உளவாளி வந்துபோன இடத்தில் சந்தேகம் தங்கிவிடும் என்பது எந்தப் படைத் தலைமைக்கும் தெரிந்த விஷயம். வெற்றியடைந்த ரகசிய நடவடிக்கைகளின் செலவுக் கணக்கில் இந்த வரி எப்போதும் விடுபட்டுப்போகிறது.

எதிரித் தளபதியை மட்டும் குறிவைக்கும் ஏமாற்றுக்கு இதைவிட நல்ல மதிப்பெண் தரலாம். டெல்லியில் பீட்டர் ஃபிளெமிங் நடத்திய பிரிட்டிஷ் டி பிரிவு அந்த வேலைக்காகவே இருந்தது. ஜேம்ஸ் பாண்டை உருவாக்கிய இயன் ஃபிளெமிங்கின் அண்ணன் அவர். 1941இல் போஸைக் காபூலுக்கு அழைத்துச் சென்ற பகத் ராம் தல்வாரே பிறகு சில்வர் என்ற பெயரில் பிரிட்டிஷாருக்காக வேலை செய்து, ஜெர்மானியருக்குப் போலித் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார். இல்லாத படைப்பிரிவுகள், நடக்கப்போகாத தாக்குதல்கள் என்று கற்பனைப் போர் ஒன்றே நடந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. அந்தமானைக் கடல்வழியாகத் தாக்கிப் பிடிக்க நேச நாடுகள் உண்மையிலேயே ஒரு திட்டம் வைத்திருந்தன. பக்கனியர் என்று பெயர். 1943 நவம்பரில் கெய்ரோ மாநாட்டில் சியாங் கை-ஷேக்குக்கு வாக்குக் கொடுத்தார்கள், டிசம்பரில் கைவிட்டார்கள். போஸ் கொடியேற்றிய மாதத்தில்தான் அந்தமான் நிஜமான தாக்குதலிலிருந்து தப்பியது.

டி பிரிவுக்கு இருந்த பெரிய தொல்லை, ஜப்பானிய உளவுத்துறை போதிய அளவு கெட்டிக்காரத்தனமாக இல்லை என்பதுதான். நுணுக்கமாகத் தயாரித்த பொய்த் துண்டுகளை எடுத்து ஒட்டிவைத்துப் படம் பார்க்க அங்கே ஆளில்லை. ஜப்பானியத் தளபதிகள் உளவு அறிக்கையைப் பெரிதாக மதிப்பவர்களும் இல்லை. ஏமாற்றுவது உரையாடல் மாதிரி; எதிரே இருப்பவருக்கும் அந்த மொழி தெரியவேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவு கொண்டு எதிரியின் மனத்தைத் திருப்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த அனுபவத்தைப் படிப்பது நல்லது.

அந்தமான் விழுந்தது சென்னையில் எப்படி எதிரொலித்தது என்பதும் இதே பாடத்தின் ஒரு பக்கம்தான். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பு மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும் குண்டு விழுந்தது. அடுத்து மதராஸ்தான் என்று அரசே நம்பியது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன, உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது, மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் கிடைத்த வண்டியில் ஊரைக் காலிசெய்தார்கள். படையெடுப்பு வரவேயில்லை. ஜப்பானியர் மதராஸை நோக்கி ஒரு பொய்கூட ஏவவேண்டியிருக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு எல்லாவற்றையும் மறைத்துப் பழக்கப்பட்டிருந்ததால், அது உண்மையே சொன்னாலும் கேட்பவருக்கு அதைவிடப் பெரிதாக ஏதோ மறைக்கிறார்கள் என்றுதான் பட்டது.

இது காலனி அரசின் கோளாறு மட்டும் என்று நினைத்துவிட முடியாது. 2004 ஆழிப்பேரலைக்கு நான்காம் நாள், டிசம்பர் 30 அன்று, இன்னொரு பேரலை வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்தது. அதற்கு அடிப்படை அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம் சொன்ன ஊகம். நாகப்பட்டினத்திலிருந்து அந்தமான் வரை ஜனங்கள் மறுபடி ஓடினார்கள். பிணங்களை எடுத்துக்கொண்டிருந்தவர்களும் போட்டது போட்டபடி ஓடினார்கள். அன்று மாலைக்குள் அறிவியல் அமைச்சர் கபில் சிபல் அந்த ஊகத்தை வெறும் பிதற்றல் என்று தள்ளினார். இதற்கு எதிரி யாரும் இல்லை. சரிபார்க்காத ஒரே ஒற்றனின் சொல்.

பிறகு ஹைதராபாத்தில் 2007இல் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது, அந்த மையம் அந்தமானுக்கு எச்சரிக்கை விடுத்தது. கடல்மட்ட அளவீடுகளைப் பார்த்துவிட்டுச் சில மணி நேரத்தில் திரும்பப் பெற்றது. வதந்திக்கு இடம் கிடைக்கவில்லை. எச்சரிக்கவும், தவறென்றால் அன்றே திருத்திக்கொள்ளவும் தெரிந்த ஒரு பொது அமைப்பு, எந்தப் பொய்த்தகவல் தடுப்புப் பிரிவையும்விட அதிகமாகச் சாதிக்கிறது. ராணுவ விஷயத்தில் அப்படி ஓர் அமைப்பு நம்மிடம் இல்லை.

2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில், கராச்சித் துறைமுகத்தை இந்தியக் கடற்படை தாக்கிவிட்டதாகச் சில இந்தியத் தொலைக்காட்சிகள் இரவெல்லாம் கூவின. நடக்கவில்லை. தாக்கத் தயாராக நின்றோம், உத்தரவுக்குக் காத்திருந்தோம் என்று கடற்படை அதிகாரி பிறகு பத்திரிகையாளர் கூட்டத்தில் அமைதியாகச் சொன்னார். பாகிஸ்தான் தரப்பிலிருந்து வந்த பொய்களை அரசின் சரிபார்ப்புப் பிரிவு சுறுசுறுப்பாக மறுத்தது. நம் தொலைக்காட்சிகளின் பொய் விஷயத்தில் அந்தச் சுறுசுறுப்பைக் காணோம். சொந்த மக்களை உற்சாகப்படுத்தும் பொய் தேசபக்தியின் கணக்கில் ஏறிவிடுகிறது. அதனால் அடுத்த நெருக்கடியில் கடற்படை சொல்லும் நிஜமான வெற்றியைக்கூட வெளிநாட்டார் சந்தேகத்தோடு கேட்பார்கள்.

கோக்கோவுக்கு 2023இல் மறுபிறவி கிடைத்தது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் லண்டனின் சாதம் ஹவுஸ் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கட்டுரை, தனியார் செயற்கைக்கோள் படங்களை வைத்து, ஓடுபாதை 2,300 மீட்டராக நீண்டிருப்பதையும் புதிய விமானக் கொட்டகைகளையும் காட்டியது. இம்முறை படம் இருந்தது. யாரும் எடுத்துப் பார்க்கலாம். மியான்மரும் சீனாவும் மறுத்தன. படத்தில் தெரிவது மியான்மர் ராணுவத்தின் கட்டுமானம். சீனர்கள் இருக்கிறார்களா என்பதைப் படம் சொல்லாது. கட்டுரை எழுதியவர்களும் அந்த இடத்தில் கேள்வியாகத்தான் நிறுத்தினார்கள். நம் சமூக ஊடகங்களில் அந்தக் கேள்விக்குறி உதிர்ந்துபோனது. கச்சத்தீவுப் பேச்சு சூடாகும்போதெல்லாம் கோக்கோவை நேரு பர்மாவுக்குத் தானம் கொடுத்தார் என்று ஒரு கதையும் கூடவே சுற்றுகிறது. கோக்கோ 1882லேயே பிரிட்டிஷ் பர்மாவின் நிர்வாகத்துக்குப் போய்விட்டது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோதும் அங்கேயே இருந்தது. நேரு பிரதமராவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே முடிந்த விவகாரம். இருந்தும், கச்சத்தீவின் கோபத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு இந்தக் கதை தமிழ்நாட்டில் நன்றாகவே ஓடுகிறது.

இந்தக் கதைகளுக்கு நடுவில் தீவுகளில் இப்போது நடப்பது பெரிய நிகோபார் திட்டம். கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், ராணுவமும் பயன்படுத்தும் விமான நிலையம், நகரம், மின்நிலையம். 72,000 கோடி ரூபாய் என்ற மதிப்பீட்டில் தொடங்கியது. 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு போகிறது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த அதே மாதம், முழு விவரம் சொல்லாமல் வாங்கிய சம்மதம் என்று கூறித் தன் தடையின்மைச் சான்றைத் திரும்பப் பெற்றது அங்குள்ள பழங்குடி மன்றம். 2023 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டவர்களுக்குத் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்தார்கள்.

விமான நிலையத்தின் ராணுவப் பயன்பாட்டை ரகசியமாக வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சீனக் கப்பல்கள் இந்தக் கடலில் அளவெடுத்துத் திரிவது கற்பனை அல்ல. ஆனால் பவளப்பாறை எத்தனை, தோணி ஆமை முட்டையிடும் கரை எது, ஷோம்பென் மக்கள் நடமாடும் காடு எது என்பதில் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது? கேள்வி கேட்டவர்களை அந்நியர் கையாட்கள் என்று இணையத்தில் முத்திரை குத்துவதும் கூடவே நடக்கிறது. அறிதல் போர் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் இப்போது இப்படியும் ஒரு பயன் வந்துவிட்டது: மாற்றுக் கருத்து எல்லாமே எதிரியின் தாக்குதலாகிவிடும். ஆதரிப்பவர்கள் சொல்லும் பாதுகாப்பு வாதத்தில் சாரம் இருக்கலாம். ஆவணத்தை மறைத்து வைத்துக்கொண்டு அதை நம்பச் சொன்னால், நாளைக்கு வெளியிலிருந்து ஒருவன் ஊதிவிடும் பொய்க்கு நிகோபாரில் காது தயாராக இருக்கும். 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பி 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போர்ட் பிளேயரை எட்டி, அங்கிருந்து மற்றத் தீவுகளுக்கும் போய்விட்டது. செய்திக்குக் கப்பல் வரக் காத்திருந்த காலம் முடிந்துவிட்டது.

அந்தமான் கட்டளையகத்தின் முதல் தளபதியே, இல்லாத ராடாரை இல்லை என்று சொன்னதால் நாட்டின் பாதுகாப்புக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. பெரிய நிகோபார் குழுவின் அறிக்கையையும் அரசு வெளியிடவேண்டும். ராணுவம் சம்பந்தப்பட்ட பக்கங்களைக் கறுப்படித்துவிட்டு வெளியிடட்டும். முதல் பிரதியை அந்தப் பழங்குடி மன்றத்துக்குக் கொடுக்கட்டும், அவர்கள் மொழியில்.